தேதி சொல்லாத கப்பல்

ஹரிகிருஷ்ணனுக்கு இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, நான் நிமிர்ந்தபோது என்னை வேலைக்கு ஏற்றிப்போகும் தீப்பெட்டி ஆபீஸ் வேன் போயே போய்விட்டது. டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். எனக்கும் கேட்டது. ஒரு சடையைப் பின்னி, இன்னொரு பக்கத்தை விரித்துப்போட்டபடி பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்ப முடியுமா. சீப்பைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அது திரும்பி என் காலடியிலேயே வந்து விழுந்தது. அதில் இரண்டு பேன்.

ஹரிகிருஷ்ணன் ஆண்பிள்ளை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதூரில் பாதிப் பேருக்கு அது தெரியாது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "பாப்பாவ மடில வச்சிக்கோங்கம்மா" என்பார். அங்கன்வாடி டீச்சர் யோகலட்சுமி தினமும் ஒரு தடவை, "இந்த முடிய எப்ப எடுக்கப் போறீங்க, மத்த புள்ளைகளுக்கும் பேன் தொத்துதுல்லா" என்று கேட்காமல் விடமாட்டாள். நான் என்ன ஆசைக்கா வளர்க்கிறேன்? பங்குனி வெயிலில் பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. எண்ணெய் தேய்த்தால் பிசுக்கு, தேய்க்காவிட்டால் சிக்கு. சீப்பை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான்.

எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்கு முதல் மொட்டை சாஸ்தா கோயிலில்தான், அதுவும் பங்குனி உத்திரத்தன்று, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதுவரை கத்திரி படக் கூடாது. வயது ஒற்றைப்படையில் நடக்க வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒருத்தன், தம்பி பேச்சிராஜா. அவன் கப்பற்படையில் இருக்கிறான். எங்கள் கரிசல்காட்டில் முட்டளவுத் தண்ணீரை மொத்தமாகப் பார்ப்பதே கார்த்திகை மாசம் கம்மாயில்தான். அங்கே பிறந்தவன் வேறு வேலையே இல்லாததுபோல் கடலில் போய் விழுந்தான். ஹரிக்கு முதல் வருஷம் நடந்தபோது பத்திரிகை அடித்து, சமையலுக்குச் சொல்லி, எல்லாம் தயாராக இருந்தது. உத்திரத்துக்கு ஆறு நாள் முன்னால் கப்பல் எங்கேயோ கிளம்பிவிட்டது. இரண்டாவது வருஷம் இரட்டைப்படை, ஆகாது. இது மூன்றாவது. சித்திரை பிறந்தால் நாலு நடக்க ஆரம்பித்துவிடும். இந்த உத்திரத்தை விட்டால் ஐந்தாவது வயதுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் இரட்டைச் சடையோடு அனுப்ப வேண்டியதுதான்.

போன புரட்டாசியில் கப்பல் வெளிநாட்டுக்குப் போனது. ஏழு மாசப் பயணம். கரை சேரும் ஊர்களில் இருந்து மட்டும் போன் வரும். அதையும் பேச்சு என்று சொல்ல முடியாது.

"எங்கடா இருக்கே?"

"கடல்லக்கா."

"எந்தக் கடல்ல?"

"தண்ணி உள்ள கடல்ல."

"எப்ப வாரே?"

"வரும்போது வருவேன்."

கப்பல் எந்த நாளில் எங்கே வரும் என்பது வெளியே தெரியக் கூடாதாம், வீட்டு ஆட்களிடம்கூடப் போனில் தேதி சொல்லக் கூடாதாம். எங்கள் அம்மா வெயிலுகந்தம்மாளுக்கு இது பிடிபடவே இல்லை. "நான் யார்ட்டடா போய்ச் சொல்லப் போறேன்" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். போனை வைத்த கையோடு, அவன் அங்கே ஒட்டகப்பால் சாயா குடித்தான் என்பதுவரை நாகலாபுரம் முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள்.

தம்பி பொண்டாட்டி சுடலைச்செல்வி அம்மாவோடுதான் இருக்கிறாள். கல்யாணமாகிப் பதினாலு மாசம், அதில் ஏழு மாசம் அவன் கடலில். என்னை மைனி என்று கூப்பிடுவாள், அதற்கு மேல் அதிகம் பேசமாட்டாள். பேசாதவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹரியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். கொடியில் தம்பியுடைய சட்டை நாலு காய்ந்துகொண்டிருந்தது. ஆறு மாசமாகப் பெட்டிக்குள் கிடந்த சட்டைகள். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"எப்ப வாரானாம்?" என்றேன்.

"தெரியாது மைனி" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. காது மடல் சிவந்துவிடும்.

நான் விடவில்லை. சமையலுக்குச் சொல்ல வேண்டாமா, முடி எடுக்கிற அண்ணாச்சிக்குச் சொல்ல வேண்டாமா, போன தடவை மாதிரி அடித்த பத்திரிகையை அடுப்பில் போடவா என்று கேட்டேன். அவள், "அவிய சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காவ மைனி" என்றே நின்றாள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. என் தம்பி, நான் தூக்கி வளர்த்தவன், அவன் வரும் நாள் நேற்று வந்தவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியக் கூடாது. இடுப்பில் இருந்த ஹரியின் தலையில் மூன்று தடவை அடித்தேன். "இந்தப் புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன். யார்ட்டயும் மூச்சு விடமாட்டேன். போதுமா?"

அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். "புள்ள தலையில ஏன் மைனி அடிக்கீங்க." பிறகு என் காதில் தேதியைச் சொன்னாள். உத்திரத்துக்கு நாலைந்து நாள் முன்னால் கப்பல் விசாகப்பட்டினத்துக்கு வந்துவிடும். லீவும் கேட்டிருக்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலமே அதை என் வீட்டுக்காரர் சுடலைக்குமாரிடம் சொன்னேன். புருஷன் 'யார்ட்டயும்' என்பதில் சேர்த்தியா என்று அப்போது யோசிக்கவில்லை. சேர்த்தி இல்லை என்றுதான் நினைத்தேன் என்று இப்போது சொன்னால் அதுவும் முழு உண்மை கிடையாது. சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொன்னேன். "யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்றும் சொன்னேன். "நான் ஏன்ட்டி சொல்லப் போறேன்" என்றார்.

வாக்கு மாறவில்லை, அவர் யாரிடமும் சொல்லவில்லை. கோவில்பட்டிக்கு லோடு ஏற்றப் போன இடத்தில் பதினாறு அடிக்குப் பத்தடி ஃப்ளெக்ஸ் அடித்துக் கொண்டுவந்து புதூர் பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டார்.

வேனில் போகும்போதுதான் நான் அதைப் பார்த்தேன். நீலக் கடல், அதில் ஒரு போர்க்கப்பல், வானத்தில் நாலு விமானம். 'கடல் கடந்து காவல் காத்துத் தாயகம் திரும்பும் எங்கள் வீட்டுத் தாய்மாமனே வருக வருக.' கப்பலின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே வந்து சேரும் தேதி. இரண்டையும் இங்கே எழுத மாட்டேன், பட்டது போதும். ஒரு மூலையில் ரிப்பனோடு ஹரி. மேலே வரிசையாக என் வீட்டுக்காரரின் கூட்டாளிகள் பதினாலு பேருடைய தலை. அதில் ஒருத்தன் கூலிங் கிளாஸ் போட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தான். நடுவில் என் தம்பி. கல்யாண போட்டோவில் இருந்து வெட்டி எடுத்து, பட்டுச்சட்டைக்கு மேல் எவனோ ஒருவனுடைய யூனிபார்மை ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற செல்வியை வெட்டிவிட்டார்கள். வெட்டத் தெரியாமல் வெட்டியதில், அவள் அவன் தோளில் வைத்திருந்த கையில் நாலு விரல் மட்டும் மிச்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? சொல்லாதீங்கன்னா சொல்லாதீங்கன்னு அர்த்தம்லா."

"நான் யார்ட்டச் சொன்னேன்? மாப்பிள்ளைக்கு ஒரு மரியாத வேண்டாமா? சும்மா டீக்கடைக்குப் போயிட்டு வாரவனுக்கெல்லாம் போர்டு வைக்கானுவ" என்றார். "இப்ப அவுத்தா மட்டும் என்ன, அதான் எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சாச்சே." அதுவும் சரிதான். பதினாலு தலையும் அதைப் போனில் எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பியிருந்தது.

நாலாம் நாள் அம்மா போனுக்கு அழைப்பு வந்தது. நானும் ஹரியும் அங்கேதான் இருந்தோம். அம்மா எப்போதும்போல் ஸ்பீக்கரில் போட்டாள். தம்பி சத்தம் போடவில்லை. அவன் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"மொதல்ல அந்த போர்ட அவுக்கச் சொல்லுங்க" என்றான். "அந்த போட்டோ கப்பல் வரைக்கும் வந்தாச்சு. என்னைக் கேப்டன் முன்னாடி நிக்க வச்சிட்டாங்க. மேல இருக்க பதினாலு பேரும் யாருன்னு ஒவ்வொரு ஆளாக் கேக்காரு. கூலிங் கிளாஸ் போட்டவன் யாருன்னு தனியாக் கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? விசாரணை வச்சிருக்காங்க. அது முடியுற வரைக்கும் லீவு கிடையாது. கரைக்கு வந்தாலும் நான் ஊருக்கு வர முடியாது."

"அப்ப உத்திரத்துக்கு?" என்றாள் அம்மா.

"அதான் சொல்லுதேம்லா." பிறகு, "தேதிய நான் செல்விட்ட மட்டுந்தாம்மா சொன்னேன். வேற ஒருத்தர்ட்டயும் சொல்லல" என்றான்.

செல்வி அடுப்படி வாசலில் நின்றாள். கையில் பருப்பு கடைகிற மத்து. நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடுவாள் என்று இருந்தது. சொன்னால் என்ன பதில் சொல்வது என்றும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் இடுப்பில் இருந்த ஹரியைப் பார்த்தாள். அப்படியே உள்ளே போய்விட்டாள். பருப்பு கடையும் சத்தம் கேட்டது.

"ஒரு தேதிய வயித்துல வச்சிக்கத் தெரியாதா உனக்கு" என்று அம்மா அவளை ஏசினாள். அன்றைக்கெல்லாம் ஏசினாள். நான் அங்கேதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த பத்து நாள் எனக்கு இருந்த கோபத்தை வைத்து ஒரு தீப்பெட்டி ஆபீஸையே கொளுத்தியிருக்கலாம். வீட்டுக்காரர் மேல் கோபம். ஒரு தேதிக்காக இந்தப் பாடு படுத்துகிற கப்பல் மேல் கோபம். ஆனால் அதிகமான கோபம் செல்வி மேல். என்ன பிறவி இவள்? திட்டித் தொலைய வேண்டியதுதானே. "மைனிதான் சத்தியம் பண்ணி வாங்குனாவ" என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. சொல்லாமல் இருந்தே ஆளைக் கொன்றாள். நடுவில் ஹரிக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. டாக்டர் சளி என்றார். ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் சளிதான். எனக்குத்தான் அந்த மூன்று அடியும் ஞாபகம் வந்து வந்து போனது.

அம்மா, ஐந்து வயது வரைக்கும் பொறுப்போம் என்றாள். மாமன் இல்லாமல் மொட்டையாவது ஒன்றாவது. என் வீட்டுக்காரர், பெரியப்பா மகன் யாரையாவது உட்கார வைத்துவிடலாம் என்றார். பெரியப்பா மகன்களோடு நாங்கள் பேசியே எட்டு வருஷமாகிறது. அதையும் நானே ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால் கயத்தாற்றில் இருந்து ஒரு பையன் பைக்கில் வந்தான். தம்பியோடு அதே கப்பலில் இருப்பவனாம், ஜெயபாண்டி என்று பெயர் சொன்னான். கப்பல் வந்து சேர்ந்துவிட்டது. துறைமுகத்தில் பேண்டு வாத்தியம், மாலை, பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் வந்து கட்டிப்பிடித்து அழுகை. பாதிப் பேர் லீவில் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். "அண்ணன் மட்டும் கப்பல்லயே நிக்காங்கக்கா" என்றான். ஒரு பையைக் கொடுத்தான். நான் டீ போட்டுத் தருகிறேன் என்றேன், அவன் அம்மா காத்திருப்பாள் என்று போய்விட்டான். முகமெல்லாம் வீட்டுக்கு வந்த சந்தோஷம். அந்தப் பிள்ளை மேலும் கோபம் வந்தது எனக்கு.

பையைப் பிரித்தேன். எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டி, மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருந்தான். அம்மாவுக்குப் பேரீச்சம்பழமும் ஒரு தைலமும். அக்காவுக்கு ஒரு கைப்பை. அத்தானுக்கு ஒரு டார்ச் லைட்டு. போர்டு வைத்த மனுஷருக்கு டார்ச் லைட்டு. ஹரிக்கு ரிமோட் கார். அவ்வளவுதான். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினேன். பக்கத்து ஜிப்பைத் திறந்து கை விட்டுப் பார்த்தேன். செல்வி என்று எழுதின பொட்டலம் எதுவும் இல்லை.

அந்தக் கைப்பை நல்ல தோல். எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை.

ஹரியைத் தூக்கிக்கொண்டு நாகலாபுரம் பஸ் ஏறினேன். அம்மா வீட்டில் இல்லை. செல்வி களத்தில் இருந்தாள். மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் காயப்போட்டிருந்தது அந்த ஃப்ளெக்ஸ் மேலேயேதான். அவிழ்த்துச் சுருட்டி என் வீட்டுக்காரர் அம்மா வீட்டுத் தொழுவில் போட்டிருந்தார். அது இப்போது களத்தில் விரிந்து கிடந்தது. கடல், விமானம், கப்பல், பதினாலு தலை, எல்லாவற்றின் மேலும் ஒரு சாண் கனத்துக்கு வத்தல் கிடந்தது. தம்பி முகத்தில் மட்டும் இல்லை. அந்த இடத்தை மட்டும் வட்டமாக ஒதுக்கி விட்டிருந்தாள். அவள் வத்தலைக் காலால் கிண்டிக்கொண்டே வந்தாள். அந்த இடம் வந்ததும் ஒதுங்கி நடந்து, அந்தப் பக்கம் போய்க் கிண்டினாள்.

"அவன் உனக்குப் போன் பண்ணானா?" என்றேன்.

"இல்ல மைனி."

"நீ பண்ணியா?"

"எடுக்க மாட்டங்காவ." காலை நிறுத்தாமலே சொன்னாள். "பதினஞ்சு நாளாச்சு."

எனக்கு வாயில் ஏச்சுதான் வந்தது. அவளை ஏசுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? ஆனாலும் ஏசினேன். "ஏட்டி, உனக்கு வாய் எதுக்கு இருக்கு? நான்தான் சொன்னேன்னு சொல்ல வேண்டியதுதான. நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருவேன்?"

அவள் நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வத்தல் காரத்துக்குக் கண் கலங்கியிருந்தது, வத்தலுக்கு மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. "நீங்க புள்ள தலையில அடிச்சிட்டீங்கள்லா மைனி" என்றாள். "நான் சொன்னா அதையும் சேத்துல்லா சொல்லணும். அத்தைக்குத் தெரிஞ்சா புள்ளைக்கு என்னவோ ஆயிரும்னு கோயில் கோயிலாத் தூக்கிட்டு அலைவாவ. சளி பிடிச்சாலும் அதான்னு சொல்லுவாவ. காலத்துக்கும் சொல்லுவாவ. அவன் தலைக்கு அது வேண்டாம்னுதான்."

சொல்லிவிட்டு மறுபடியும் வத்தலைக் கிண்ட ஆரம்பித்துவிட்டாள். ஹரி என் இடுப்பில் இருந்து நழுவி இறங்கி ஓடினான். அந்த வட்டத்துக்குள் போய் உட்கார்ந்து, "மாமா" என்று தம்பி மூக்கைத் தொட்டான். போனில் பார்த்த முகம்தான் அவனுக்கு. செல்வி அவனை அப்படியே தூக்கி, வத்தல் பட்ட கையால் கண்ணைத் தேய்த்துவிடாமல் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தொட்டிக்குக் கொண்டுபோய்க் கழுவிவிட்டாள்.

"உத்திரத்தன்னைக்கு நீ உக்காரு" என்றேன். "மாமன் இல்லன்னா மாமன் பொண்டாட்டி. உன் மடில வச்சு முடி எடுப்போம்."

"பொம்பள உக்காருவாங்களா மைனி? அத்தை என்ன சொல்லுவாவ?"

"அத்தைய நான் பாத்துக்கிடுதேன்."

அம்மாவைப் பார்த்துக்கொண்டதைப் பற்றி எழுதினால் அது தனிக் கதை. கோயிலில் பொங்கல் வைக்கிற வரைக்கும் முனகிக்கொண்டே இருந்தாள். வாய் திறந்து தேதியைச் சொன்னவளை மாமன் இடத்தில் உட்கார வைப்பதா என்றாள், செல்வி காதில் விழும்படியாகவே. நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். புகையில் கண் எரிந்தது. அப்போதும் வாய் வரவில்லை. சாஸ்தா முன்னால் நின்று கையெடுத்தபோதும் வரவில்லை. இத்தனைக்கும் சாமியிடம் சொல்வது சுலபம்தான், அது திருப்பிக் கேட்காது.

உடைமரத்து நிழலில் ஜமுக்காளம் விரித்து, முடி எடுக்கிற கண்ணபிரான் அண்ணாச்சி கத்தியைத் தீட்டினார். செல்வி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தம்பிக்கு எடுத்து வைத்திருந்த வேட்டியை மடித்து மடியில் போட்டிருந்தாள். ஹரியைத் தூக்கி அதில் வைத்தேன். "மாமன் வரலியாம்மா?" என்றார் அண்ணாச்சி. "கப்பல்ல" என்றேன். அவர் தலையில் தண்ணீர் தெளித்து, இடது பக்கச் சடையைக் கையில் பிடித்தார். ஹரி ஊரைக் கூட்டினான். செல்வி அவன் காதில் என்னவோ சொன்னாள். கத்தி வைத்த இடம், நான் மூன்று தடவை அடித்த அதே இடம்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கோயிலைச் சுற்றி டவர் கிடையாது, கம்மாய்க்கரை மேல் ஏறினால்தான் கிடைக்கும். செருப்புகூடப் போடாமல் ஏறினேன். கரிசல் மண் கொதித்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு தம்பிக்குப் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தான்.

"அக்கா, டூட்டில இருக்கேன். சீக்கிரம் சொல்லு. முடி எடுத்தாச்சா?"

"தேதிய உங்க அத்தான்ட்டச் சொன்னது நான்" என்றேன். அவ்வளவு கத்த வேண்டியதில்லை, ஆனாலும் கத்தினேன். "செல்வி யார்ட்டயும் போய்ச் சொல்லல. நான் கேட்டேன், மாட்டேன்னா. இந்தப் புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணி வாங்குனேன். வாங்கிட்டு அன்னைக்கே சொன்னேன். அவ எல்லார்ட்டயும் ஏச்சு வாங்கிட்டு இருக்கா. நீ என்ன மனுசன்டா, ஏழு மாசம் காத்துக் கெடந்தவளுக்கு ஒரு சோப்புக்கட்டி கூட வைக்கல."

போனில் காற்று அடிப்பது மட்டும் கேட்டது, எங்கள் கம்மாய்க்கரைக் காற்றா அவன் கடல்காற்றா என்று தெரியவில்லை. கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"புள்ள தலையிலயா அடிச்சே?" என்றான்.

"ஆமா."

"அவ எங்க?" என்றான்.

"கீழ இருக்கா. உன் எடத்துல உக்காந்திருக்கா."

"போன அவட்டக் குடு."

"அங்கன டவர் கிடையாது."

"அப்ப மேல கூட்டிட்டு வா. நான் லைன்ல நிக்கேன், வைக்க மாட்டேன்."

கரையில் இருந்து கீழே பார்த்தேன். இடது பக்கம் முழுக்க வழித்து எடுத்தாயிற்று. வலது பக்கச் சடை ரிப்பனோடு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் போனை நீட்டி படம் எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கத்தியைக் கழுவினார், அவருக்கு ஒரு அவசரமும் இல்லை.

"பாதித் தலைதான் ஆயிருக்கு. நடுவுல எந்திரிக்கக் கூடாதுடா."

"எவ்வளவு நேரமாகும்?"

"ஆகும்போது ஆகும்" என்றேன்.

அவன் வைக்கவில்லை. கால் பொத்துப்போகும்போல் சுட்டது. போனில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஹரி அழுகையை நிறுத்தியிருந்தான். செல்வி அவன் தலையில் வழித்த பக்கத்தில் கையை வைத்து அணைத்திருந்தாள். அவ்வளவு தூரத்தில் இருந்து எனக்கு அவள் நாலு விரல்தான் தெரிந்தது. அண்ணாச்சி வலது பக்கச் சடையைப் பிடித்து ரிப்பனை அவிழ்த்தார்.